சாக்குக்குள்ள போன பூனை

பூனைக்கு ஆள் மேல பாசம் கிடையாது, வூட்டு மேலதான் பாசம்னு எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நாய்க்கு நன்றி உண்டு, பூனைக்குக் கிடையாதாம். இனிமே எவனாச்சும் என் முன்னாடி நின்னு இதைச் சொன்னா எனக்கு வாயில நல்லா வந்துரும், சொல்லிட்டேன். பூனையைப் பத்தி இல்லைங்க, சொல்றவனைப் பத்தி. இந்தப் பேச்சை வச்சுக்கிட்டுத்தான் எங்க வூட்ல ஒரு பாவத்தைப் பண்ணாங்க. பண்ணுனது வெளியாளு இல்ல, என் கழுத்துல தாலி கட்டுனவரும் அவரு கூடப் பொறந்தவரும்.

நாங்க இண்டூருக்குப் பக்கத்துல இருக்கோம். பட்டுப்புழு வளர்க்கறதுதான் பொழப்பு. வூட்டுக்குப் பின்னாடி மல்பெரித் தோட்டம், அதை ஒட்டுனாப்புல புழு ஷெட்டு. பொண்ணு கல்யாணமாகி ஓசூர்ல இருக்கறா, பையனுக்குச் சென்னையில வேலை. வூட்ல நானும் எங்க வூட்டுக்காரரும் மட்டுந்தான். அடுத்த வூடு கொழுந்தனாரு வூடு. எங்க வூட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அவரு காட்டுல தக்காளி, மொளகா, கத்திரின்னு மாத்தி மாத்தி வைப்பாரு. ரெண்டு காட்டுக்கும் நடுவுல ஒரு வரப்பு, அவ்வளவுதான்.

பூனை எனக்குத்தான் கெடைச்சுது. ஒரு மழை நாள்ல எலை அறுக்கப் போனப்ப செடிக்கு அடியில கத்திக்கிட்டு கெடந்துச்சு. கறுப்பு, வெள்ளை, செம்மண்ணு நெறம் மூணும் கலந்த பொட்டைக்குட்டி. தாய் வந்து தூக்கிட்டுப் போவும்னு சாயங்காலம் வரைக்கும் பாத்தேன், வரல. எலைக்கட்டோட சேத்து அதையும் தூக்கிட்டு வந்துட்டேன். பஞ்சுல நனைச்சு பால் குடுத்தது நானு. பழைய பாவாடையைக் கிழிச்சு படுக்கை போட்டது நானு. கருவாட்டு முள்ளை எடுத்துட்டு சோத்துல பெசைஞ்சு வைக்கறது இன்னைக்கு வரைக்கும் நானு. ஆனா அந்தக் கழுத போய் ஒட்டுனது யாரோடன்னு நெனைக்கறீங்க? எங்க வூட்டுக்காரரோட!

அவரு பூனையை ஏறெடுத்தும் பாக்கமாட்டாரு. சாயங்காலம் புழுவுக்கு எலை போட்டுட்டு வந்து ஷெட்டு வாசல்ல பிளாஸ்டிக் சேரைப் போட்டு கம்முனு உக்காருவாரு. நானு பூனையைப் பாத்தா சும்மா இருக்கமாட்டேன். தூக்குவேன், கொஞ்சுவேன், மூஞ்சியோட மூஞ்சி வச்சு தேய்ப்பேன். அது ஒடம்பை வெறைச்சுக்கிட்டு எப்ப விடுவாளோன்னு பாக்கும். அந்தாளு கூப்பிடவும் மாட்டாரு, தொரத்தவும் மாட்டாரு. அதனாலயே அது தானா போச்சு. மொதல்ல சேருக்கு அடியில படுத்துச்சு. அப்புறம் செருப்பு மேல. கொஞ்ச நாள்ல மடியில. மழை ஓஞ்சு பனி எறங்கறதுக்குள்ள வயித்து மேல ஏறிப் படுத்துக்கிச்சு. சோறு போடறவ ஒருத்தி, சொகம் அனுபவிக்கறவரு ஒருத்தரு. எனக்கு வயித்தெரிச்சல்தான், இல்லைன்னு சொல்லல.

வயித்து மேல ஏறுனா முன்னங்காலு ரெண்டாலயும் மாவு பெசையற மாதிரி மிதிக்கும். அவரு சட்டையெல்லாம் நூலு நூலா பிரிஞ்சு கெடக்கும். தாடையில வந்து மண்டையால முட்டும். தூரத்துல உக்காந்து அவரைப் பாத்து மெதுவா கண்ணை மூடும், மெதுவாத் தொறக்கும். இந்த மனுசனும் பதிலுக்கு அதே மாதிரி மெதுவா மூடித் தொறப்பாரு. இத்தனை வருசத்துல என்னை அப்படி ஒரு நாள் பாத்திருப்பாரா? அவரு வண்டி சத்தம் ஏரி மேட்டுல கேட்டாலே வாலைக் கொடி மாதிரி தூக்கிக்கிட்டு கேட்டுக்கு ஓடும். வேற வண்டிக்கு காதைக்கூட அசைக்காது. எலியைப் புடிச்சா நேராக் கொண்டாந்து அவரு செருப்பு மேலதான் வைக்கும். என் செருப்பு பக்கத்துலயேதான் கெடக்கும், அதுல ஒரு சுண்டெலியாச்சும் வைக்கணுமே, ம்ஹூம்.

இன்னொண்ணு சொல்றேன். எங்க வூட்டுக்காரரு வாயைத் தொறந்து பேசறது ரொம்ப அபூர்வம். நானு பத்து கேட்டா ஒண்ணுக்கு 'ம்' வரும். அப்படிப்பட்டவரு அந்தப் பூனைகிட்ட மட்டும் பேசுவாரு. இன்னைக்கு கூடு வெலை எறங்கிருச்சு பூஸு, மழை வர்ற மாதிரி இருக்குது பூஸு, முட்டி வலிக்குது பூஸு. நானு சமையக்கட்டுல இருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். அவருக்கு முட்டி வலின்னு எனக்கே அப்படித்தான் தெரிஞ்சுது. அப்ப எனக்குக் கோவம் வரல, சிரிப்புதான் வந்துச்சு. யாருகிட்டயோ மனசு விட்டுப் பேசறாரேன்னு இருந்துச்சு.

கொழுந்தனாரு வந்தா மட்டும் பூனை கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். அவரு அதை ஒரு அடி அடிச்சது கெடையாது. ஆனா மெதிச்சு மெதிச்சு நடப்பாரு, கத்திப் பேசுவாரு. "உங்க பூனைக்கு என்னைக் கண்டா புடிக்கல அண்ணி"ன்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு. எங்க ரெண்டு பேரைத் தவுர அது யாருகிட்டயும் போகாது. கூப்பிட்டா வர்றதுன்னா எங்க வூட்டுக்காரரு ஒருத்தரு கூப்பிட்டாத்தான். நானு கூப்பிட்டா தட்டுச் சத்தம் கேட்டுதான்னு யோசிச்சுட்டு வரும்.

இதெல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, போன பேட்ச்சுல புழு சாவற வரைக்கும்.

பட்டுப்புழு வளர்க்காதவங்களுக்கு ஒரு விசயம் சொல்லணும். பூச்சி மருந்து ஒரு சொட்டு எலையில பட்டாலும் புழு தாங்காது. புழுவே ஒரு பூச்சிதானே. அதனால எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்குது. பக்கத்துக் காட்டுக்காரங்க தக்காளிக்கோ மொளகாவுக்கோ மருந்து அடிச்சா, மல்பெரிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரணும். "மருந்து அடிக்கறேன், ஓரத்து எலையைத் தொடாதீங்க", அவ்வளவுதான். பேச்சுவார்த்தை இல்லாத ஜென்மப் பகையாளிகூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு காத்துக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போவான். சொல்லிட்டா நாங்க ஓரத்து வரிசையை விட்டுட்டு உள்ளார அறுத்துக்குவோம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாங்க இத்தனை பேரு பொழைக்கறோம்.

அன்னைக்கு காலையில நாந்தான் எலை அறுத்தேன். ஓரத்துலதான் நல்லா தளதளன்னு இருந்துச்சு, அங்கயே அறுத்தேன். புழு கடைசித் தோலு உரிச்சு எழுந்து அசுரப் பசியில இருந்த சமயம். இன்னும் சில நாள்ல கூடு கட்டியிருக்கும். எலையைப் போட்டுட்டு வந்து கஞ்சி குடிச்சேன். மதியம் எலை போடப் போனா ஷெட்டுல சத்தமே இல்ல. புழு திங்கற சத்தம் வெளியில வரைக்கும் கேக்கும், அது இல்ல. கிட்டப் போய்ப் பாத்தா எல்லாம் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுது. வாயில பச்சையா கக்குது. ஒடம்பு முறுக்கிக்கிட்டு சுருங்கிப் போவுது. அடுக்குக்கு அடுக்கு, ஒண்ணு பாக்கியில்லாம. நானு வாயில அடிச்சுக்கிட்டு கத்துன கத்துல தெருவே கூடிருச்சு.

மிச்சம் கெடந்த எலையை எடுத்து மோந்து பாத்தேன். மருந்து வாடை. வரப்புக்கு ஓடுனேன். கொழுந்தனாரு வேலியில மருந்து டேங்கு கழுவிக் கவுத்து வச்சிருக்குது. சத்தம் கேட்டு அவரும் வந்துட்டாரு. "ஏன் கொழுந்தனாரே, மருந்து அடிச்சீங்களா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"ன்னு கேட்டேன். அவரு எங்க வூட்டுக்காரரைப் பாத்தாரு. இவரு தரையைப் பாத்தாரு. அப்புறம் கொழுந்தனாரு சொன்னாரு, "மருந்தெல்லாம் இல்லைங்க அண்ணி, இது பூனை வேலை. ஷெட்டுக்குள்ள பூந்திருக்கும். பூனை மயிரு எலையில பட்டா புழு கக்கும், கேள்விப்பட்டதில்லையா?"

"பூனை மயிரு பட்டா? அது என்னா வெஷத்துலயா குளிச்சிட்டு வந்துச்சு?"ன்னு கேட்டேன். ஷெட்டுக்கு வலைக்கதவு, வாசல்ல புழுவுக்கு நோய் வராம இருக்கத் தூவுன சுண்ணாம்புத் தூளு. அந்தப் பூனை இத்தனை நாள்ல அந்தத் தூளைத் தாண்டி ஒரு காலு வச்சது கெடையாது. எங்க வூட்டுக்காரரு உள்ள எலை போடற வரைக்கும் வெளிய உக்காந்து கதவையே பாத்துக்கிட்டு இருக்கும். இது எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாதா? "நீங்க சொல்லுங்க, பூனையா இதைப் பண்ணுச்சு?"ன்னு அவரைக் கேட்டேன். அவரு மொகத்தைத் திருப்பிக்கிட்டு, "இருக்கலாம்"னாரு. இருக்கலாமாம்!

புழுவையெல்லாம் குழி தோண்டிப் பொதைச்சோம். அழுதுக்கிட்டேதான் மண்ணு தள்ளுனேன். அப்பக்கூட அந்தப் பூனை அவரு காலைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அவரு அதைத் தொடல. துக்கத்துல இருக்கறாருன்னு நானும் நெனைச்சேன்.

அந்த வாரமே பாப்பிரெட்டிப்பட்டி சர்ச்சுல, எங்கம்மா செத்த நாளுக்கு வருசப் பூசை. எங்கண்ணன் வூட்ல ஒரு நாள் தங்கிட்டு மறுநாள் வந்தேன். வந்து பாத்தா பூனை தட்டுல வச்ச சோறு அப்படியே எறும்பு மொய்ச்சு கெடக்குது. "பூஸு எங்க?"ன்னேன். "எங்கயாச்சும் போயிருக்கும்"னாரு. அவரு மணிக்கட்டுல நகம் கிழிச்ச கோடு, புதுசு. அதைப் பாத்ததும் நானு தெருவுக்கு ஓடுனேன்.

எதுத்த வூட்டு அக்காதான் சொன்னாங்க. அவங்க பொய் சொல்ற ஆளு இல்ல. "நேத்து உன் கொழுந்தனாரு சாக்கைத் தூக்கிக்கிட்டு அதைப் புடிக்க தோட்டம் பூரா ஓடுனாரும்மா. கூரை மேல ஏறி உக்காந்துக்கிச்சு. எறங்கவே இல்ல. அப்புறம் உன் வூட்டுக்காரரு வந்தாரு. சேரைப் போட்டு உக்காந்தாரு. 'பூஸு'ன்னு ஒரே ஒரு வாட்டி கூப்பிட்டாரு. வாலைத் தூக்கிக்கிட்டு எறங்கி வந்து மடியில ஏறுச்சு. அப்படியே சாக்குக்குள்ள விட்டு கட்டிட்டாங்க. தெசை மறக்கட்டும்னு மூட்டையைச் சுத்து சுத்துன்னு சுத்துனாங்க. ஏரியைத் தாண்டுனா திரும்பி வராதுன்னு பேசிக்கிட்டே வண்டியில போனாங்க."

தொரத்திப் புடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது. அது ஓடுனதுல தோத்துப் போச்சுன்னு விட்டிருப்பேன். அது தப்பிச்சு மேல உக்காந்திருந்துச்சு. அது எறங்குனது அவரு கொரலை நம்பி. அந்த நம்பிக்கையையே கண்ணியாப் போட்டுப் புடிச்சிருக்கறாங்க. இதைவிடக் கேவலம் என்னா இருக்குது?

வூட்டுக்குள்ள போய் நின்ன வாக்குல கேட்டேன். "எங்க விட்டீங்க?" நானு அடுப்பு பத்த வைக்கமாட்டேன்னு கேஸை மூடிட்டு வாசப்படியில உக்காந்தேன். அப்புறம் வந்துச்சு வாயில இருந்து. "அதியமான்கோட்டை. ஹைவே ஓரம். ஹோட்டலெல்லாம் இருக்குது, மீன்தலை கெடைக்கும். பூனைக்கு என்னா, வேற எடம் கெடைச்சா அங்க ஒட்டிக்கும். அதுக்கு வூட்டு மேலதான பாசம்."

"அப்ப நீங்களும் உங்க தம்பியும் அங்கயே போய் மீன்தலை தின்னு ஒட்டிக்குங்க"ன்னு சொன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். அதையெல்லாம் இங்க எழுத முடியாது.

மறுநாள்ல இருந்து தெனமும் பஸ்ஸு ஏறிப் போனேன். டப்பாவுல கருவாட்டுச் சோறு. அந்த ஹைவேயில லாரி போற வேகத்துக்கு மனுசனே ரோட்டுல காலை வைக்கப் பயப்படணும். எங்க காட்டுல ட்ராக்டரு வந்தாலே ஒளிஞ்சுக்கற பூனை அது. ரோட்டுல ஏதாச்சும் நசுங்கிக் கெடந்தா ஒடம்பு பதறும். கிட்டப் போய்ப் பாப்பேன், கந்தலா இருக்கும், செருப்பா இருக்கும். ஒரு வாட்டி நெசமாவே பூனை, ஆனா வேற பூனை. அதுக்கும் சேத்து அழுதேன். டீக்கடையில விசாரிச்சா சிரிக்கறாங்க. "பூனையைத் தேடியாம்மா பஸ்ஸு ஏறி வந்த? அதுக்கு நன்றியாச்சும் தெரியுமா?" அந்தக் கடைக்காரன்கிட்ட வாங்குன டீயை அப்படியே கீழ ஊத்திட்டு வந்துட்டேன்.

பரோட்டாக்கடை நடத்தற அம்மா ஒருத்தங்கதான் ஒழுங்காப் பதில் சொன்னாங்க. "மூணு நெறத்துல ஒண்ணு அந்தப் பஞ்சர் கடைக்குப் பின்னாடி டயருக்குள்ள இருக்குதும்மா. மீன் போட்டாலும் தொடமாட்டேங்குது. கிட்டப் போனா சீறுது. வண்டி எது நின்னாலும் எட்டிப் பாக்குது, அப்புறம் உள்ள போயிருது." அந்தம்மா சும்மாத்தான் சொன்னாங்க. எந்த வண்டியை எதிர்பாத்து எட்டிப் பாக்குதுன்னு எனக்குத் தெரியாதா?

பஞ்சர் கடைக்குப் பின்னாடி போய் கிரீஸு மண்ணுலயே உக்காந்தேன். "பூஸு"ன்னேன். டயருக்குள்ள இருந்து ஒரு கொரல். கத்தலு கூட இல்ல, தொண்டை கட்டிப் போன மாதிரி காத்து மட்டும் வந்துச்சு. தலையை மட்டும் நீட்டிப் பாத்துச்சு. எலும்பும் தோலுமா, ஒரு காது கிழிஞ்சு, மூஞ்சியெல்லாம் எண்ணெய்க் கறை. நானு டப்பாவைத் தொறந்து வச்சேன். நல்லாக் கேட்டுக்குங்க, அது சோத்துக்கு வரல. டப்பாவைத் தாண்டி வந்து என் முட்டியில மண்டையால முட்டுச்சு. ஒரு வாட்டி இல்ல, முட்டிக்கிட்டே இருந்துச்சு. மடியில ஏறி, என் பொடவையை முன்னங்காலால பெசைய ஆரம்பிச்சுது. இத்தனை நாள்ல எனக்கு அது பண்ணாதது. அப்புறந்தான் சோத்தைத் தின்னுச்சு. வூட்டு மேலதான் பாசம்னு சொன்னானுங்களே, அந்த டயருக்கும் கிரீஸுக்கும் நடுவுல எங்க இருந்துச்சு என் வூடு?

திரும்பி வர்றப்ப சாக்கு கீக்குன்னு எதையும் நானு தொடல. பொடவை முந்தானையில சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். தருமபுரியில இறங்கி டவுன் பஸ்ஸு மாறுனேன். கண்டக்டரு பாத்துட்டு, "என்னாம்மா அது, பூனையா? அதுக்கு டிக்கெட் எடுக்கணும்"னு வம்புக்கு இழுத்தாரு. "பொம்பளைங்களுக்கு இந்த பஸ்ஸுல டிக்கெட் இல்லைய்யா. இதுவும் பொம்பளதான்"னேன். பஸ்ஸே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. என் நெஞ்சுக்குள்ள அது நடுங்கறது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

வூட்டு கேட்டுல எங்க வூட்டுக்காரரு நின்னுக்கிட்டு இருந்தாரு. முந்தானைக்குள்ள என்னான்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சு. அவரு மொகம் மலர்ந்துச்சுங்க, அதையும் மறைக்காம சொல்லணும். கையை நீட்டி "பூஸு"ன்னாரு. அந்தக் கொரலைக் கேட்டதும் பூனை என் தோள்ல நகத்தை எறக்குச்சு பாருங்க, ஜாக்கெட்டு கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு. ஒரே தாவு, ஷெட்டுக் கூரை மேல. அங்க இருந்து அவரைப் பாத்து சீறுச்சு. நீட்டுன கையை அவரு மடக்கக்கூட இல்ல. நானு உள்ள போயிட்டேன்.

அதுக்கப்புறம் நானு அவருகிட்ட பேசல. சோறு போடுவேன், தட்டை வைக்கற சத்தத்துலயே எல்லாம் தெரிஞ்சிரும். பூனை என் காலையே சுத்திக்கிட்டு இருந்துச்சு. அவரு உள்ள வந்தா அது வெளிய போவும். அவரு சேர்ல உக்காந்தா அது தோட்டத்துக்குப் போயிரும். வண்டிச் சத்தம் ஏரி மேட்டுல கேட்டா முன்னாடியெல்லாம் கேட்டுக்கு ஓடுன பூனை, இப்ப கட்டிலுக்கு அடியில ஓடுச்சு. அவரு அதைப் பாத்துப் பாத்து மெலிஞ்சாரு. மெலியட்டும்னு விட்டுட்டேன்.

என் கோவமெல்லாம் அப்ப கொழுந்தனாரு மேலதான் பெருசா இருந்துச்சு. சொல்லாம மருந்து அடிச்சதும் அவரு, பழியைப் பூனை மேல போட்டதும் அவரு, சாக்கு கொண்டாந்ததும் அவரு. அண்ணன் வெறும் வாயில்லாப் பூச்சி, தம்பி பேச்சைக் கேட்டு ஆடிட்டாருன்னு நெனைச்சேன். ஞாயித்துக்கிழமை எங்க மாதா கோயில்ல பூசை நடுவுல சமாதானம் சொல்ற எடம் வரும்ல, ஒருத்தருக்கொருத்தரு கையெடுத்துக் கும்புடணும். கொழுந்தனாரு ஆம்பளைங்க பக்கத்துல இருந்து என்னைப் பாத்து கும்புட்டாரு. நானு மேல ஃபேனைப் பாத்தேன். சாமி மன்னிக்கட்டும், எனக்கு அன்னைக்கு கை எழல.

பூசை முடிஞ்சு வெளிய வந்ததும் கொழுந்தனாரே கிட்ட வந்தாரு. "என்னாங்க அண்ணி, ஒரு பூனைக்காக இப்படியா?"ன்னாரு. கெடைச்சுது சாக்குன்னு நானு புடிச்சுக்கிட்டேன். "பூனைக்காக இல்லைங்க. சொல்லாமக் கொள்ளாம மருந்து அடிச்சு என் புழுவைக் கொன்னீங்க, அதுக்கு. ஊர்ல எதிரிகூட சொல்லிட்டு அடிப்பான். கூடப் பொறந்தவன் வூட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்ல. உங்க தப்பை மறைக்க வாயில்லாத ஜீவன் மேல பழி போட்டீங்க!" கோயில் வாசல்ல நின்ன சனமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

அவருக்கு மொகம் செவந்து போச்சு. "அண்ணி, போதும். நானு சொன்னேன். மொத நாளே, மருந்து அடிச்சிட்டு சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டு, ஓரத்து எலையை அறுக்க வேணாம்னு சொன்னேன். சரின்னு சொன்னாரு. அவரு உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாரு. நீங்க அவரைத் திட்டித் தீத்துருவீங்கன்னுதான் நானு பூனைன்னு வாயில வந்ததைச் சொன்னேன். நம்பலைன்னா அதோ நிக்கறாரு, கேளுங்க."

நானு திரும்பிப் பாத்தேன். எங்க வூட்டுக்காரரு செருப்பை மாட்டாம, செருப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. கேக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

வூட்டுக்கு வந்தோம். வந்ததும் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"நீ கத்துவ"ன்னாரு.

"கத்தத்தான் செய்வேன். உசுரு போற மாதிரி கத்தியிருப்பேன். கத்தி முடிச்சிட்டு எப்பவும் போல சோறு போட்டிருப்பேன். மறக்கறது ஒரு தப்பாங்க? மறக்காத மனுசன் எங்க இருக்கறான்? எங்கிட்ட திட்டு வாங்கப் பயந்துக்கிட்டு, பூனைன்னு சொன்ன பொய்யை நெசமாக்க, உங்க வயித்து மேல படுத்துத் தூங்குன ஜீவனைக் கொண்டுபோய் லாரி ரோட்டுல போட்டுட்டு வந்தீங்களே, அதுதாங்க தப்பு. உங்க தம்பி உங்களுக்காகப் பொய் சொன்னாரு. நானு உங்களுக்காக அவருகிட்ட சண்டை போட்டேன். பூனை உங்களுக்காகக் கூரையை விட்டு எறங்குச்சு. நீங்க யாருக்காக என்னா பண்ணீங்க?"

அன்னைக்கு அவரு அழுதாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல நானு பாக்காத அழுகை. எனக்கு மனசு எளகல. அழட்டும், அந்தத் தொண்டை கட்டிப் போன கத்தலை இவரு கேக்கலையேன்னுதான் இருந்துச்சு.

மறுநாள் அவரே தம்பி வூட்டுக்குப் போனாரு. என்னால உனக்குக் கெட்ட பேருன்னு அவங்க வூட்டு ஆளுங்க எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிட்டு வந்தாராம், கொழுந்தனாரு சம்சாரம் வந்து சொன்னா. எதுத்த வூட்டு அக்காகிட்டயும் போய், நாந்தான் தப்பு பண்ணேன்னு சொல்லியிருக்கறாரு. வாயே தொறக்காத மனுசன் ஒரே நாள்ல இவ்வளவு பேசுனது ஊருக்கே அதிசயம். எனக்கும் கொஞ்சம் கோவம் தணிஞ்சுதான் போச்சு. சாயங்காலம் அவருக்கு டீ போட்டு நானே கொண்டுபோய்க் குடுத்தேன்.

ஷெட்டு வாசல்ல சேரைப் போட்டு உக்காந்திருந்தாரு. பூனை என் காலு பின்னாடியே வந்துச்சு, ஆனா சேரு கண்ணுல பட்டதும் நின்னுக்கிச்சு. அவரு டீயை வாங்கிக் கீழ வச்சுட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா, "பூஸு"ன்னாரு. பூனை காதைத் திருப்புச்சு. கொரலு யாருதுன்னு அதுக்குத் தெரியாம இல்ல. ஒரு அடி பின்னாடி வச்சு, என் பொடவைக் கொசுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. அவரு மறுபடியும் கூப்பிட்டாரு. அது நடுங்கறது என் கணுக்கால்ல தெரிஞ்சுது.

"அதான் எல்லார்கிட்டயும் ஒத்துக்கிட்டேனே. நெசத்தைச் சொல்லிட்டேனே. இன்னும் ஏன் வரமாட்டேங்குது?"ன்னு என்னைக் கேட்டாரு, பச்சைப்புள்ள மாதிரி.

"அதுக்கு நீங்க ஒத்துக்கிட்டதெல்லாம் தெரியாதுங்க"ன்னேன். "நீங்க கூப்பிட்டீங்க, அது வந்துச்சு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."